வெறும் உறையை மட்டும் அனுப்பு

4-3-2019

அண்ணாவுக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எடுத்திருப்பீர்கள். ஆமாம், நான்தான். உங்கள் மகள் கல்யாண நாளான 2016 செப்டம்பர் 11ஆம் தேதிக்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை. இப்போதும் பேசுவதற்காக எழுதவில்லை. ஒரு விவரம் வேண்டும். அது உங்களுக்குத்தான் தெரியும்.

சோப்பு வேலை இப்போது என் சமையலறையில் நடப்பதில்லை. மரக்கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். என்னோடு ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய கடை ஒன்று எங்கள் சோப்பை அலமாரியில் வைக்கச் சம்மதித்திருக்கிறது. ஏப்ரல் 30ஆம் தேதிக்குள் சரக்கு அவர்களுடைய கிடங்குக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே வாசலிலேயே ஸ்கேனரால் பார்கோடைப் படித்துப் பார்ப்பார்களாம். படிக்கவில்லையென்றால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அலமாரி இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். கடையின் கொள்முதல் அதிகாரி ஒரு அம்மா. சிரித்த முகத்தோடுதான் சொன்னார்: "இதுல ரெண்டாவது சான்ஸெல்லாம் கிடையாதும்மா."

இந்த ஆர்டரை நம்பித்தான் கொட்டகை எடுத்தேன். இது கைவிட்டுப் போனால் ஐந்து பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அச்சகக்காரரிடம் பார்கோடு கேட்டேன். ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று, சட்டம் போட்டு ஒன்று, கட்டம் கட்டமாக ஒன்று. "எது வேணுமோ சொல்லுங்கக்கா, போட்டுடலாம். எல்லாம் கோடுதானே" என்றார். எனக்குச் சதுரமாக இருப்பது பிடித்திருக்கிறது. செங்கல் சிவப்பில் போட்டால் உறையில் இருக்கும் எழுத்தோடு சேர்ந்துபோகும். ஆனால் பிடித்ததைப் போடுவதற்கு இது புடவைக் கரை இல்லையே என்று ஒரு பயம்.

நீங்கள் மருந்துக் கிடங்கின் வாசலில் காலமெல்லாம் அந்தக் கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வீட்டுக்கு வந்தவர்களைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அதனால் கேட்கிறேன்.

போன் செய்திருக்கலாம். எடுத்ததும் "யாரு?" என்பீர்கள். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

எழுத விருப்பமில்லையென்றால் அண்ணியிடம் சொல்லிவிடுங்கள்.

தங்கை

~

09-03-2019, சனிக்கிழமை

தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று, 08-03-2019 அன்று கிடைத்தது. நீ இட்டிருக்கும் தேதி 4. அஞ்சல் முத்திரையில் இருப்பது 6. இடைப்பட்ட நாள்களில் அது உன் கைப்பையில் கிடந்தது என்று கொள்கிறேன். மேலும் ஒரு திருத்தம். திருமணம் நடந்தது 11-09-2016, ஞாயிற்றுக்கிழமை. நீ கோபித்துக்கொண்டு புறப்பட்டது அதற்கு முந்தைய நாள் மாலை நடந்த வரவேற்பில். திருமணத்திற்கே நீ வரவில்லை. ஆகவே நாம் பேசாதிருப்பது 10-09-2016 முதல்.

இனி விஷயத்திற்கு வருகிறேன். எல்லாம் கோடுதானே என்று சொன்ன அச்சகக்காரர் கல்யாணப் பத்திரிகைகளை மட்டும் அச்சிட்டுக்கொண்டிருப்பது அவருக்கும் ஊருக்கும் நல்லது. பட்டைக் குறியீட்டைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதை யார், எந்தக் கருவியால், எங்கே நின்று படிக்கப்போகிறார் என்பதே. அழகு அதற்குப் பிறகு வரும். பெரும்பாலும் வரவே வராது.

உன் சோப்பு கடையில் ஒவ்வொன்றாக விற்பது. கல்லாவில் இருப்பவர் அதைக் கையில் எடுத்துக் கருவியின் கண்ணாடிக்கு மேல் காட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார். அவ்விடத்திற்கு உரியது பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட குறியீடு. அதில் எழுத்துகளுக்கு இடமில்லை. கடைசி இலக்கம் முன்னுள்ள பன்னிரண்டையும் கணக்கிட்டுச் சரிபார்ப்பது. ஆகையால் தவறான எண் பெரும்பாலும் உள்ளே நுழைய முடியாது. அந்த எண்ணை நீயாக இட்டுக்கொள்ளவும் கூடாது, இணையத்தில் எவரிடமிருந்தும் வாங்கவும் கூடாது. எண் வழங்கும் அமைப்பில் பதிவு செய்து பெற வேண்டும். இல்லையேல் உன் சோப்பைக் காட்டினால் யாரோ ஒருவருடைய காலுறை என்று பில் வரும்.

சோப்புகளை அடுக்கி அனுப்பும் அட்டைப்பெட்டிக்கு வேறு வகை. அதற்குப் பதினான்கு இலக்கங்கள், தடித்த கோடுகள், சுற்றிலும் ஒரு கறுப்புச் சட்டம். அட்டை கரடுமுரடானது. மெல்லிய கோடுகளை அதில் அச்சிட்டால் மை பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உனக்குப் பிடித்த சதுரத்தைக் கைப்பேசி படிக்கும். ஆனால் பழைய லேசர் கருவி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். சோப்பின் கதையை வாடிக்கையாளருக்குச் சொல்ல விரும்பினால் அதை வேறொரு மூலையில் போட்டுக்கொள். கல்லாவுக்கு அதை நம்பாதே. எழுத்தையும் எண்ணையும் கலந்து எழுதக்கூடிய வகைகளும் உண்டு. அவற்றுள் பழையது ரயில் வண்டி போல நீளும், புதியது அடக்கமானது. உன் கொட்டகைக்குள் எந்தத் தொகுதி எந்த நாளில் செய்யப்பட்டது என்று அறிய அடக்கமானதை வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்வாய் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

சிவப்புக் கோடு கூடவே கூடாது. லேசர் கருவியின் ஒளி சிவப்பு. அதன் கண்ணுக்குச் சிவப்பு மையும் வெள்ளைத் தாளும் ஒன்றே. கறுப்பில் அச்சிடு.

உறையைப் பார்க்காமல் இடமும் அளவும் சொல்ல இயலாது. வெறும் உறையை மட்டும் அனுப்பு. சோப்பு தேவையில்லை.

அண்ணன்

~

16-3-2019

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொட்டகையில் சத்தமாகப் படித்தேன். காலுறை வந்த இடத்தில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். உறை சுற்றுவதில் எங்களில் கெட்டிக்காரி ஒருத்தி இருக்கிறாள், உயரமானவள், நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். அவள் கேட்டாள், "அக்கா, இவரு உங்க கூடப் பொறந்தவரா, இல்ல கோர்ட்டு நோட்டீஸா?" எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பதிவு செய்துவிட்டேன். எண் வந்துவிட்டது. கறுப்பு என்று அச்சகக்காரரிடம் சொல்லியாயிற்று. அட்டைப்பெட்டிக்குச் சட்டம் போட்ட வகை என்றும் சொல்லியாயிற்று. இதற்கெல்லாம் நன்றி. மனதாரத்தான் சொல்கிறேன்.

ஆனால் வரவேற்பா கல்யாணமா என்று நீங்களே கிளறிவிட்டதால் சொல்கிறேன். உங்கள் மகளுக்காக ஒரு வாரம் உட்கார்ந்து இருநூறு சோப்பு செய்தேன். என் பித்தளைத் தட்டில் அடுக்கி, வருகிறவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளட்டும் என்று வாசல் மேசையில் வைத்தேன். புடவை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால் தட்டு மேசைக்கு அடியில் இருக்கிறது, மேலே துணி போட்டு மூடி. "அண்ணா, என்னது இது?" என்றேன். சம்பந்தி வீட்டார் எதிரில் நீங்கள் சொன்னீர்கள்: "லேபிள் இல்லாத சரக்கை விருந்தாளி கையில குடுக்க முடியாது." சரக்காம்! தட்டு இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதையாவது திருப்பி அனுப்பத் தோன்றியதா?

நீங்கள் கேட்டபடி வெறும் உறை, இஸ்திரி போட்டதுபோல் மடிப்பில்லாமல் வைத்திருக்கிறேன். சோப்பு வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன்.

தங்கை

~

22-03-2019, வெள்ளிக்கிழமை

தங்கைக்கு,

உறை 20-03-2019 அன்று கிடைத்தது. தாள் நல்ல தாள். மை பரவாது, மினுக்கமும் இல்லை.

உறையை மேசையில் விரித்துப் பார்த்ததில் இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. ஒன்று ஓரத்தில், அங்கே அடியின் ஒட்டுமடிப்பு வரும் என்று நீயே பென்சிலால் எழுதியிருக்கிறாய். மற்றது வலப்பக்கம். அந்த வலப்பக்க வெற்றிடத்தில் பென்சிலால் ஒரு செவ்வகம் வரைந்திருக்கிறேன். குறியீடு அதற்குள் அமைய வேண்டும். கோடுகளின் இரு ஓரங்களிலும் நான் விட்டிருக்கும் வெள்ளை இடம் வீணான இடமன்று. கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைக் கருவி அதைக் கொண்டே அறிகிறது. தாள் மிச்சம் பிடிக்கிறேன் என்று அச்சகக்காரர் அதில் பூ வரையக் கூடாது. உயரத்தையும் குறைக்கக் கூடாது.

தட்டு பற்றி எழுதியிருந்தாய். 10-09-2016 அன்று அந்த இருநூறு சோப்புகளிலும் தயாரித்த தேதி இல்லை, தொகுதி எண் இல்லை, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற குறிப்பும் இல்லை. வந்தவர்களுள் எவருக்கேனும் தோல் தடித்திருந்தால் யாரிடம் போய்க் கேட்பார்கள்? முப்பத்தோராண்டுகள் தேதியில்லாத பெட்டிகளைக் கிடங்கின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியவன் நான். என் வீட்டு வாசலில் மட்டும் வேறு மனிதனாக நிற்க எனக்குத் தெரியாது.

உன் அண்ணி இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "இன்னும் நீங்க அதே மேசைக்கிட்டத்தான் நிக்கிறீங்க" என்கிறாள். அவள் கருத்தையும் பதிவு செய்கிறேன்.

அண்ணன்

~

13-4-2019

அண்ணாவுக்கு,

தலையில் கையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எட்டாயிரம் உறை அச்சாகி வந்தது. பத்து சோப்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு நேற்று கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண் ஒன்றைக் கண்ணாடிமேல் காட்டினாள். சத்தமே இல்லை. திருப்பினாள், சாய்த்தாள், முந்தானையால் துடைத்தாள். பத்தில் ஒன்று மட்டும், அதுவும் நாலாவது தடவை, கீச்சென்றது. கொள்முதல் அம்மா பக்கத்தில்தான் நின்றார். "முப்பதாம் தேதி வரைக்கும் டைம் இருக்கும்மா. ஆனா இப்படியே கொண்டு வந்தீங்கன்னா வாசல்லயே நிறுத்திடுவாங்க" என்றார். வரும் வழியெல்லாம் நெட்டை ஒவ்வொரு சோப்பாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கொட்டகைக்கு வந்து சோப்பைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அண்ணா, எங்கள் சோப்பு செங்கல் மாதிரிச் சதுரமாக இருக்காது. கூழாங்கல் மாதிரி இருக்கும். மேலேயும் அடியிலேயும்தான் தட்டை, பக்கமெல்லாம் வளைவு. நீங்கள் செவ்வகம் போட்ட வலப்பக்கம், சுற்றிய பிறகு அந்த வளைவில் போய் உட்காருகிறது. பாதிக் கோடு என்னைப் பார்க்கிறது, பாதிக் கோடு சுவரைப் பார்க்கிறது.

சோப்பு வேண்டாம் என்றது நீங்கள். "அண்ணா, உள்ளே இருப்பதைப் பார்க்காமல் இடம் சொல்லாதீர்கள்" என்று ஒரு வரி எழுதாமல் வீம்பாக உறையை மட்டும் அனுப்பியது நான். இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை இது. வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு தப்பு நடக்காது.

இந்தத் தடவை சோப்பை அனுப்புகிறேன். பிரித்துப் பாருங்கள். சோப்பின் அடியிலேயே தயாரித்த தேதி முத்திரை இருக்கிறது, தொகுதி எண் இருக்கிறது. போன வருஷத்திலிருந்தே போடுகிறோம். நீங்கள் சொன்னதற்காக இல்லை.

தங்கை

~

18-04-2019, வியாழக்கிழமை

தங்கைக்கு,

சோப்பு நேற்று வந்தது. உறையைப் பிரிக்கும் முன் கையில் வைத்துச் சற்று நேரம் திருப்பிப் பார்த்தேன். நீ எழுதியது சரி. கோடுகள் வளைவைச் சுற்றி ஓடுவதால், கருவியின் ஒளிக்கோடு ஒரு முனையைத் தொடும்போது மறுமுனை மறைந்துவிடுகிறது. தட்டையான தாளில் நான் அளந்த அளவுகள் யாவும் சரியே. ஆனால் விற்கப்போவது தாள் அன்று.

இதற்கு முறையான தீர்வு, குறியீட்டைக் காற்பங்கு திருப்பிவிடுவது. அப்போது கோடுகள் ஏணிப்படிகளைப் போல ஒன்றன் கீழ் ஒன்றாக அமையும். வளைவு கோடுகளின் நீளவாக்கில் போய்விடும். கருவி நேர்வாக்கில் படித்துக்கொள்ளும். கிடங்கில் சிறு மருந்துக் குப்பிகளுக்கு அவ்வாறுதான் ஒட்டுவார்கள். இது எனக்குத் தெரியாததன்று. சோப்பும் குப்பியைப் போல வளைவானது என்று தெரிந்திருந்தால் முதல் கடிதத்திலேயே எழுதியிருப்பேன்.

உறைகளை மறுபடியும் அச்சிட அச்சகக்காரர் எத்தனை நாள் கேட்பார் என்று எழுது. 30-04-2019 செவ்வாய்க்கிழமை. அன்றே கொண்டுபோகலாம் என்று இருந்துவிடாதே. ஒரு நாள் முன்னதாகச் சேர்வது உத்தமம்.

தேதி முத்திரையைப் பார்த்தேன். தெளிவாக இருக்கிறது. சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

உன் அண்ணி சோப்பைக் குளியலறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆராய்ச்சி முடியவில்லை என்று சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

உன் அண்ணன்

~

22-4-2019

அண்ணாவுக்கு,

மறுபடி அச்சிட முடியாது. அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகள் குவிந்து கிடக்கின்றன, அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்கு முன்னால் தொடமாட்டேன் என்கிறார். (ஊருக்கு நல்லது என்று நீங்கள்தான் எழுதினீர்கள்.)

உங்கள் ஏணி நல்ல யோசனைதான். அடுத்த அச்சுக்கு வைத்துக்கொள்கிறோம். இப்போதைக்கு நெட்டை ஒன்று சொன்னாள். "அக்கா, அடியில மடிப்பைப் பசை போட்டுத்தானே ஒட்டுறோம்? பசைக்குப் பதிலா ஒரு ஸ்டிக்கர் ஒட்டினா மடிப்பும் மூடிக்கும், கோடும் தட்டையான இடத்துல வந்துடும்ல?" எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஸ்டிக்கர் அடிக்கும் கடை வேறு, அது காலியாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தருகிறார்கள். பக்கவாட்டில் ஏற்கெனவே அச்சான கோட்டிலும் அதே எண்தான் என்பதால் முதல் சரக்குக்கு மட்டும் பரவாயில்லை என்று கொள்முதல் அம்மா ஒத்துக்கொண்டார்.

எனக்கு ஒரே பயம்தான். மடிப்பு விளிம்பு கோட்டுக்கு அடியில் மேடாக நிற்கும். அந்த மேட்டின்மேல் படிக்குமா, படிக்காதா? கடைக்கு மறுபடி எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மா முன்னால் இன்னொரு தடவை நிற்க என்னால் முடியாது. வேலையை விட்டு வரும்போது உங்களோடு இருந்தவர்கள் பார்கோடு படிக்கும் பழைய கைக்கருவி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள் என்று அண்ணி சொன்ன ஞாபகம். அதைத் தபாலில் அனுப்ப முடியுமா? பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன். தட்டு மாதிரி வைத்துக்கொள்ள மாட்டேன்.

தங்கை

~

25-04-2019, வியாழக்கிழமை

தங்கைக்கு,

கருவியைத் தபாலில் அனுப்ப இயலாது. அதன் கைப்பிடி ஏற்கெனவே ஒருமுறை விழுந்து விரிசல் விட்டது. ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன். அதை எப்படிப் பிடிப்பது என்று எழுதிப் புரியவைக்கவும் முடியாது.

ஆகவே 27-04-2019 சனிக்கிழமை காலை ரயிலில் நானே அதைக் கொண்டுவருகிறேன். நிலையத்திற்கு யாரும் வர வேண்டாம். மரக்கடைக்குப் பின்னால் என்று எழுதியிருக்கிறாய். எந்தப் பக்கத்துப் பின்னால் என்று எழுதவில்லை. விசாரித்துக்கொள்கிறேன்.

விளிம்பைப் பற்றிய உன் கவலை நியாயமானது. கோடுகள் விளிம்புக்குக் குறுக்கே போகும்படி ஒட்டினால், மேட்டுக்கு மேலேயும் கீழேயும் படிக்க இடமிருக்கும் என்று எண்ணுகிறேன். ஆனால் இம்முறை பொருளைப் பார்க்காமல் எதையும் உறுதியாக எழுதுவதாக இல்லை.

உன் அண்ணன்

~

5-5-2019

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் ரயில் ஏறிய மறுநாள், திங்கட்கிழமையே சரக்கு போய்விட்டது. ஒரு நாள் முன்னதாக, உங்கள் உத்தமப்படி. கிடங்கு வாசலில் ஓர் ஆள் பெட்டியின் சட்டத்தைப் படித்தான், கீச். பெட்டியைப் பிரித்து நடுவிலிருந்து ஒரு சோப்பை எடுத்தான். அடியில் காட்டினான், கீச். இன்னொன்று, கீச். "போதும்மா, உள்ள போங்க" என்றான். எனக்குப் போதவில்லை. இன்னும் இரண்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

கொட்டகையில் அவசரமெல்லாம் அடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நீங்கள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு சோப்பாக வாங்கிப் பார்த்ததை இவர்கள் தினமும் நடித்துக் காட்டுகிறார்கள். நெட்டை உங்கள் குரலிலேயே சொல்கிறாள், "இது கோணல். எடுத்துவிடு." அவள் திருப்பிச் சொன்னதையும் விடுவதில்லை: "சார், கோணலா இருந்தாலும் மிஷினு படிக்குது. நீங்கதான் படிக்க மாட்டேங்கிறீங்க." அப்போது நீங்கள் சிரித்தீர்கள். நான் பார்த்தேன். கண்ணாடியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டீர்கள்.

இரண்டு நாள் இருந்தும் அந்த வரவேற்பைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கை வேலையாக இருந்தது, அதனால் என்று வைத்துக்கொள்வோம்.

கைக்கருவியை ஸ்டூல்மேலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். மறந்து போகிற ஆள் இல்லையே நீங்கள்.

உங்கள் தங்கை

~

14-06-2019, வெள்ளிக்கிழமை

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதத்திற்கு மேலாகிறது. தாமதத்திற்குக் காரணம் உண்டு. உன் சோப்பு இவ்வூர்க் கிளைக்கு வரும்வரை காத்திருந்தேன். நேற்று வந்தது. கீழிருந்து இரண்டாவது தட்டில், குனிந்து எடுக்கும் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்து வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் கூடை நிறையப் பொருள்கள் வைத்திருந்தார். அவற்றுள் உன்னுடையதும் ஒன்று இருந்தது. கல்லாவில் இருந்தவர் அதைப் பார்க்கவே இல்லை. பேசிக்கொண்டே கண்ணாடிமேல் இழுத்தார். முதல் தடவையிலேயே சத்தம் கேட்டது. வேறு எவரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க ஒன்றும் இல்லாமல் இருப்பதே இவ்வேலையின் வெற்றி.

கைக்கருவியை மறக்கவில்லை.

இனி வேறொரு செய்தி. உன் மருமகனுக்கு, அதாவது என் மகனுக்கு, திருமணம் உறுதியாகியிருக்கிறது. வரவேற்பு 24-08-2019 சனிக்கிழமை மாலை ஆறு மணி. திருமணம் மறுநாள் காலை. இரண்டு தேதிகளையும் தனித்தனியே எழுதியிருப்பதைக் கவனிக்கவும். இம்முறை இரண்டுக்கும் வர வேண்டும். சாப்பிடாமல் போகக் கூடாது. உன் ஐந்து பேரையும் அழைத்து வா. நெட்டையை என் பக்கத்தில் உட்கார வைக்காதே.

வரவேற்புக்கு இருநூறு சோப்பு வேண்டும். உறை வேண்டாம். குறியீடு வேண்டாம். தொகுதி எண்ணும் தேதியும்கூட வேண்டாம். யார் செய்தது என்று எவரேனும் கேட்டால் சொல்வதற்கு மேசையின் அருகில் நானே நிற்பேன்.

தட்டைத் திருப்பி அனுப்பவில்லை என்று குறைப்பட்டிருந்தாய். அனுப்பப்போவதில்லை. உன் அண்ணி இன்று காலை அதைப் புளி போட்டுத் தேய்த்து வாசல் மேசைமேல் வைத்துவிட்டாள். ஆகஸ்ட் மாதத்திற்கு இப்போதே எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும், அளவு சரியா இருக்கான்னு பாருங்க" என்கிறாள்.

பார்த்தேன். சரியாக இருக்கிறது.

அன்புடன்,
உன் அண்ணன்